தகர வாளும் அட்டைச் சூலமும்: குலசைத் தசராவின் வேட ஆயுதங்கள்

குலசேகரன்பட்டினத்துத் தசராவில் வேடம் போடுபவர்கள் வெறுங்கையோடு வருவது குறைவு. காளிக்குச் சூலமும் வாளும், சுடலைமாடனுக்கு வல்லயம் என்னும் ஈட்டியும் அரிவாளும், முருகனுக்கு வேலும், அனுமனுக்குக் கதையும், எமனுக்குப் பாசக்கயிறும் உண்டு. ராஜா வேடக்காரர் இடுப்பில் உறையோடு ஒரு கத்தி தொங்கும். இவற்றில் பெரும்பாலானவை வெட்டாது, குத்தாது. அட்டை, தகரம், எடை குறைந்த மரம், பிளாஸ்டிக், தெர்மோகோல் ஆகியவற்றில் செய்து, ஜிகினாத்தாள் ஒட்டியோ வெள்ளிநிறப் பெயின்ட் பூசியோ கொண்டுவரப்படுபவை. வேண்டுதல், நாடக மேடை, சினிமா, காவல் துறையின் கட்டுப்பாடு ஆகிய நான்கும் சேர்ந்து இந்தப் பொருள்களுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தன.

குலசை என்று சுருக்கி அழைக்கப்படும் இவ்வூர் திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டுக்கு அருகே கடலோரத்தில் இருக்கிறது. 1986-இல் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இப்போது தூத்துக்குடி மாவட்டம். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட மாறவர்மன் குலசேகர பாண்டியனின் பெயரால் ஊர் அமைந்தது என்பர். பழைய துறைமுகம் இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையும் ஒரு சிறு ரயில்பாதையும் இங்கே இருந்தன. இரண்டுமே இன்றில்லை. ஊரின் பெயரை வெளியே கொண்டுபோனது முத்தாரம்மன் கோயில்தான். இங்கே அம்மனும் ஞானமூர்த்தீசுவரரும் ஒரே பீடத்தில் சேர்ந்து அமர்ந்திருக்கிறார்கள். அந்தத் திருமேனிக்கான கல் மயிலாடிச் சிற்பியிடமிருந்து வந்த கதையை ஊரார் சொல்வார்கள். அர்ச்சகர் கனவிலும் சிற்பி கனவிலும் அம்மன் தோன்றி வழிகாட்டினாள் என்பது அந்தக் கதை.

புரட்டாசியில் மகாளய அமாவாசைக்குப் பின் கொடியேற்றம். அன்று தொடங்கிப் பத்தாம் நாள் இரவு கடற்கரையில், சிதம்பரேசுவரர் கோயில் முன்பாக, மகிஷாசுர சம்ஹாரம் நடக்கும். கொடியேறிய பிறகு பக்தர்கள் காப்புக் கட்டிக்கொண்டு வேடம் அணிகிறார்கள். தசராக் குழுக்களாகச் சேர்ந்து மேளதாளத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பெறுகிறார்கள். சேர்ந்த பணத்தைப் பத்தாம் நாள் கோயில் உண்டியலில் செலுத்துகிறார்கள். காளி வேடத்துக்கு விரதம் கடுமை: 41 நாள், 48 நாள் என்று முன்கூட்டியே மாலை போட்டு, தாங்களே சமைத்து ஒருவேளை உண்பவர்கள் உண்டு. நோய் தீர்ந்ததற்கு, பிள்ளை பிறந்ததற்கு, கடன் அடைந்ததற்கு என்று ஒவ்வொரு வேடத்துக்குப் பின்னாலும் ஒரு நேர்ச்சை இருக்கும்.

இதே வட்டாரத்தில் நிஜ இரும்புக்குப் பஞ்சமில்லை. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டியபோது தாழிகளோடு இரும்பு வாள்களும் குத்துவாள்களும் ஈட்டிமுனைகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. பக்கத்துச் சிவகளையின் இரும்புக்குக் கி.மு. 3345 வரை காலம் சொல்லும் ஆய்வறிக்கையைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. இன்றும் சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் சாமியாடி ஏந்துவது உண்மையான அரிவாளும் வல்லயமும்தான். நேர்ந்துகொண்டவர்கள் கொல்லரிடம் சொல்லி ஆளுயர அரிவாள் அடித்துக்கொண்டு வந்து சாமி முன் நடுவதும் தென்மாவட்டங்களில் பரவலான வழக்கம். தெய்வத்துக்குக் கொடுக்கும் ஆயுதம் இரும்பாக இருக்க, தெய்வமாக வேடம் கட்டுபவர் ஏந்தும் ஆயுதம் அட்டையாக இருக்கிறது. ஏழ்மையை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. கொடையில் ஆயுதம் கோயிலுக்குச் சொந்தம். ஓரிரு இரவு, கோயில் எல்லைக்குள், அதைத் தொட உரிமையுள்ள ஒருவர் கையில் மட்டும் இருக்கும். தசராவிலோ ஆயிரக்கணக்கானவர்கள், பல நாள், பஸ்ஸிலும் வேனிலும் தெருவிலும், கூட்டத்துக்கு நடுவே அதைச் சுமக்க வேண்டும். இரும்பு அதற்கு ஒத்துவராது.

மக்கள் கையிலிருந்த போர்க்கருவிகள் ஒரு காலத்தில் அரசாணையாலேயே பிடுங்கப்பட்டன. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை நடத்திய இரண்டாம் போரும் ஒடுக்கப்பட்ட பிறகு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு பாளையக்காரர்களின் படைகளைக் கலைத்து, தென்பகுதி மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அரிவாளும் மண்வெட்டியும் உழவுக் கருவிகளாக மிஞ்சின. வாளும் குத்துவாளும் அன்றாட வாழ்க்கையிலிருந்து விலகி, கோயிலிலும் கூத்திலும் மட்டுமே கண்ணில் படும் பொருள்களாயின.

அரசர்கள் நடத்திய நவராத்திரியில் ஆயுதம் நிஜம்தான். விஜயநகரத்து மகாநவமியில் படைவரிசையும் யானை குதிரைகளும் காட்சிக்கு வந்ததைப் போர்த்துக்கீசியப் பயணி டொமிங்கோ பயஸ் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். அந்த வழக்கத்தை மைசூர் உடையார்கள் 1610 முதல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடர்ந்தார்கள். ராமநாதபுரத்துச் சேதுபதிகளும் தங்கள் அரண்மனையில் நவராத்திரி கொண்டாடினார்கள். அங்கெல்லாம் அரசனின் வாளுக்கே பூசை. குலசையில் அரசன் கிடையாது, அரண்மனை கிடையாது. ஆனால் ராஜா வேடம் போடுபவர்கள் ஏராளம். மைசூருக்கு அடுத்த தசரா என்று குலசையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கூட்டத்தை வைத்துச் சொன்னால் சரி. தன்மையில் இரண்டும் எதிரெதிர்.

போலி ஆயுதம் செய்யும் நுட்பம் நாடகத்தோடு வளர்ந்தது. வடதமிழ்நாட்டுக் கட்டைக்கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்துச் செய்யப்படுகின்றன. விடியவிடிய ஆடுபவன் சுமக்க வேண்டும் என்பதால் கல்யாண முருங்கை போன்ற எடையற்ற மரமே அதற்கு ஏற்றது. தெற்கே அந்தப் பங்கை ஆற்றியது கம்பெனி நாடகமும் ஸ்பெஷல் நாடகமும். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எமனாகவும் சனீசுவரனாகவும் நடித்தவர். அவருடைய வேடத்தைக் கண்டு அஞ்சி ஒரு பெண்ணின் கரு கலைந்ததாகவும், அதன் பிறகு அவர் நடிப்பை விட்டு எழுத்துக்கும் பயிற்சிக்கும் திரும்பியதாகவும் சொல்லப்படுகிறது. அரிதாரமும் அட்டைக் கிரீடமும் என்ன செய்யும் என்பதற்கு நாடக உலகம் சொல்லிவந்த சான்று அது. மேடைக்கு உடையும் ஆயுதமும் வாடகைக்குக் கொடுக்கும் தொழிலும் நாடகக் குழுக்களை ஒட்டியே உருவானது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், முப்பதடி தள்ளி உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு மின்னினால் போதும் என்பதே அந்தத் தொழிலின் அளவுகோல்.

சினிமா இந்த அளவுகோலைக் கொஞ்சம் மாற்றியது. 1948-இல் வெளிவந்த ஜெமினியின் ‘சந்திரலேகா’வில் ரஞ்சனும் எம்.கே. ராதாவும் போட்ட நீண்ட வாள்சண்டை பெயர்பெற்றது. தொடர்ந்து ‘மந்திரிகுமாரி’ (1950), ‘மர்மயோகி’ (1951), ‘நாடோடி மன்னன்’ (1958) என்று எம்.ஜி.ஆர். படங்கள் வந்தன. இவற்றில் பல சண்டைகளில் பிடிக்கப்பட்ட வாள் ஐரோப்பிய வாள்வீச்சுப் பாணியைச் சேர்ந்தது, ஒல்லியானது, நேரானது. தஞ்சை மராட்டியரின் ஆயுதச்சாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்த கட்டாரிகளோடும் பட்டாக்கத்திகளோடும் அதற்கு உறவில்லை. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) சிவாஜி கணேசனின் மீசை, தலைப்பாகை, வாள் மூன்றையும் தமிழர் மனத்தில் ஒன்றாகப் பதித்துவிட்டது. பள்ளி மாறுவேடப் போட்டியில் கட்டபொம்மனாக நிற்கும் சிறுவனின் தகர வாள் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வந்ததல்ல, அந்தப் படத்திலிருந்து வந்தது.

படப்பிடிப்பில் ஒரே ஆயுதத்துக்குப் பல பிரதிகள் வேண்டியிருக்கும். கிட்டத்துக் காட்சிக்கு வேலைப்பாடுள்ள உலோகப் பிரதி, சண்டைக்கு முனை மழுங்கிய இலேசான பிரதி, விழுந்து புரளும் காட்சிக்கு ரப்பர் பிரதி என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. மேலைநாடுகளில் முதல் வகையைப் பார்த்துச் செய்த பிரதிகள் ரசிகர்களுக்கென்று உரிமம் பெற்று விற்கப்படுகின்றன; விலையும் அதிகம். தமிழ்நாட்டுத் திருவிழாக் கடை எப்போதும் விற்றுவந்தது கடைசி இரண்டு வகைகளின் உறவினரைத்தான். திரையில் கண்ட வடிவத்தின் புறக்கோடு இருக்கும், பிடியில் ஒரு சிவப்புக் கல் இருக்கும், விலை பிள்ளை கேட்டவுடன் தகப்பன் எடுத்துக் கொடுக்கும் அளவுக்குள் இருக்கும். திருவிழா பார்க்க வந்தவர் வீட்டுக்குப் பரிசாகப் போகும் கத்தி பெரும்பாலும் இதுவே.

அம்மன் படங்களின் பங்கு தனி. ‘ஆதி பராசக்தி’ (1971) தொடங்கி, ரம்யா கிருஷ்ணன் அம்மனாக வந்த ‘அம்மன்’ (1995), பிறகு வரிசையாக வந்த படங்கள் எல்லாம் சூலத்தையும் சிவந்த கண்ணையும் விரிந்த சடையையும் பெரிதாக்கிக் காட்டின. ‘அருந்ததீ’யில் (2009) எலும்பால் ஆன குத்துவாளே கதையின் முடிச்சாக இருந்தது. ‘பாகுபலி’யும் (2015) ‘பொன்னியின் செல்வ’னும் (2022) வந்த பிறகு அரச வேடத்துக்கான மார்புக்கவசமும் வாளும் பார்வையாளர் மனத்தில் இன்னும் கனமாயின. கோயில் சிற்பத்தில் உள்ள துர்க்கையின் ஆயுதங்கள் அளவில் அடக்கமானவை. மாமல்லபுரத்து மகிஷமர்த்தினி எட்டுக் கைகளோடு போரிட்டாலும் ஆயுதம் அவள் உடலை மறைப்பதில்லை. குலசைக் காளியின் சூலமோ தலைக்கு மேல் எழுகிறது. இந்தப் பெருக்கத்தில் சிற்ப மரபைவிடத் திரைக்கும் மேடைக்குமே பங்கு அதிகம்.

காளி வேடம் ஒரு முழுத் தொகுப்பு. சடைமுடி, கிரீடம், நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், தொங்கும் நாக்கு, மண்டையோட்டு மாலை, முதுகில் கட்டும் கூடுதல் கைகள், அந்தக் கைகளில் ஆயுதங்கள் என்று சாமான் நீளும். எடையில் சடைமுடியும் கைகளும்தான் பெரியவை. எனவே ஆயுதத்தில் குறைக்கும் ஒவ்வொரு பிடி எடையும் வேடக்காரருக்கு ஆறுதல். இந்தச் சாமான்கள் குலசையிலும் அருகிலுள்ள உடன்குடி, திருச்செந்தூர் பகுதிகளிலும் திருநெல்வேலியிலும் திருவிழாவை ஒட்டிச் செய்து விற்கப்படுகின்றன, வாடகைக்கும் கிடைக்கும். வேலை எளிமையானதுதான். வடிவத்தைத் தாளில் வரைந்து அட்டையில் வெட்டி, நடுவே மரச்சட்டமோ மூங்கிலோ வைத்து விறைப்பாக்கி, மேலே தகடோ பளபளப்புத் தாளோ ஒட்டி, விளிம்பில் ஜிகினா நூல் ஓட்டினால் ஒரு வாள். நிறையப் பேர் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே செய்துகொள்வார்கள். காணிக்கை எடுத்த பணம் அம்மனுக்குச் சேர வேண்டியது. சாமானுக்கான செலவு வேடக்காரர் பொறுப்பு. கூலிவேலை செய்பவரும் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று தொடர்ந்து வேடம் போட நேர்ந்துகொள்வதால், மலிவு என்பது இங்கே தரக்குறைவாகக் கருதப்படுவதில்லை.

நேர்ச்சை பிள்ளைக்காக என்றால் வேடமும் பிள்ளைக்கே. கைக்குழந்தையைக்கூட முருகனாகவோ கண்ணனாகவோ ஒப்பனை செய்து தூக்கிவருவார்கள். அந்தச் சிறிய வேலும் கதையும் பெற்றோரோ உறவினரோ வாங்கிக் கொடுப்பவை. திருவிழா முடிந்ததும் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும்.

கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியதும் சட்டம் உள்ளே வந்தது. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் வாள், குத்துவாள், ஈட்டி போன்றவற்றையும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளையும் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் வயலுக்குமான கருவிகளுக்கு விலக்கு உண்டு. குலசையில் மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் அண்மை ஆண்டுகளில் இதைவிட எளிய விதியை வைத்திருக்கின்றன: இரும்பில் செய்த வேல், வாள், சூலம் கொண்டுவரக் கூடாது, சாதி அடையாளம் காட்டும் கொடியும் ரிப்பனும் கூடாது. இரண்டு தடைகளும் ஒன்றாக அறிவிக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். பல ஊர்க் குழுக்கள் நெருக்கியடித்து நிற்கும் கடற்கரையில் கூர்மையான இரும்பும் சாதிப் பெருமையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியும். நெடுநாளாக வசதிக்காகக் கையாண்ட அட்டையும் தகரமும் இப்படிக் கட்டாயமாகிவிட்டன.

குலசையின் வரலாற்றில் நிஜ ஆயுதம் பேசிய நாளும் ஒன்று உண்டு. 1942 செப்டம்பர் 20-ஆம் தேதி, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, இங்குள்ள உப்பளத்தில் நடந்த மோதலில் உதவி உப்பு ஆய்வாளர் லோன் கொல்லப்பட்டார். குலசேகரன்பட்டினம் சதி வழக்கு என்று பெயர்பெற்ற அவ்வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது குறைக்கப்பட்டது. தசராவோடு அதற்குத் தொடர்பில்லை.

2020, 2021 ஆண்டுகளில் கொரோனா கட்டுப்பாட்டால் முக்கிய நாள்களில் பக்தர்கள் அனுமதிக்கப்படாமல் தசரா நடந்தது. காப்பை அவரவர் ஊரிலேயே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒரு பருவத்தை நம்பியிருக்கும் வேடச்சாமான் தொழிலுக்கு அது பெரிய அடி. 2022-இல் கூட்டம் பழையபடி திரும்பியது.

சம்ஹாரத்துக்கு மறுநாள் காப்புக் களைகிறார்கள். வேடம் அத்துடன் முடிகிறது. வாடகைச் சாமான் கடைக்குத் திரும்பும். சொந்தச் சடைமுடியும் கிரீடமும் நன்றாக இருந்தால் துணியில் சுற்றி அடுத்த ஆண்டுக்கு வைக்கப்படும். ஆயுதம் பெரும்பாலும் அத்தனை நாள் தாங்குவதில்லை. பளபளப்புத் தாள் கிழிந்து, முனை மடங்கிவிடும். அடுத்த கொடியேற்றத்துக்குப் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.