இணையத்தில் தமிழை ஏற்றிய ஆசிரியர்

கைப்பேசியில் தமிழில் ஒரு வரி தட்டுகிறோம். அடுத்த நொடியே அதைக் கோலாலம்பூரில் ஒருவர் படிக்கிறார், சென்னையில் ஒருவர் படிக்கிறார். இது இன்று எவருக்கும் வியப்பில்லை. ஆனால், இணையத்தில் தமிழ் எழுத்து முதன்முதலில் ஏறியது எப்போது? ஏற்றியவர் யார்? விடை தேடிப் போனால் அமெரிக்காவின் பெரிய நிறுவனம் எதுவும் கண்ணில் படவில்லை. சிங்கப்பூரின் ஓர் ஆசிரியர்தான் தெரிகிறார். அவர்தாம் நா. கோவிந்தசாமி.

1946இல் பிறந்த அவர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர் ஆனவர். சிறுகதை எழுத்தாளராக அறியப்பட்டவர். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். கணினிப் பொறியியல் அவரது தொழில் அன்று. ஆனாலும், தமிழைக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆர்வம் அவரை விடவில்லை. தாமே முயன்று பார்த்தார், பிழை கண்டு திருத்தினார், மீண்டும் முயன்றார். அந்த உழைப்பில் பிறந்ததுதான் ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருள்.

திறந்திருந்த கதவு

ஓர் ஆசிரியரால் இது எப்படி முடிந்தது? இணையம் திறந்திருந்ததே முதற்காரணம். வையவிரிவு வலையை டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய செர்ன் ஆய்வுக்கூடம், 1993 ஏப்ரல் 30ஆம் நாள் அதன் தொழில்நுட்பத்தை உலகுக்குப் பொதுவாக்கியது. யாரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பார்த்துக் கற்றுக்கொண்டு, தாமும் ஒரு பக்கம் அமைக்கலாம்.

கதவு திறந்திருந்தது உண்மைதான். ஆனால், உள்ளே தமிழுக்கு நாற்காலி போடப்படவில்லை. கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. அப்போதைய எழுத்துருக்களில் இருந்தவை 256 இடங்கள். அவற்றில் முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விட்டன. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளையும் அடக்க வேண்டும். எனவே கொம்பு, கால், கொக்கி என்று எழுத்துகளைப் பிரித்து அடுக்கினார்கள்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வு மேம்பாட்டுப் பிரிவில் டாக்டர் டான் டின் வீயும் லியோங் கோக் யோங்கும் இப்பணியில் கோவிந்தசாமியுடன் கைகோத்தனர். பலன் 1995 அக்டோபரில் தெரிந்தது. சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட இணையத்தளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். அதில் இடம்பெற்ற தமிழ்ப் பகுதியே இணையத்தின் முதல் தமிழ்ப் பக்கமாகக் கருதப்படுகிறது. முதலில் ஏறியது விளம்பரமும் அன்று, விலைப்பட்டியலும் அன்று. கவிதை என்பது தமிழருக்குப் பெருமைதானே!

ஆளுக்கு ஒரு வரிசை

ஆனால், புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. அந்த 128 இடங்களில் ‘அ’ எங்கே, ‘ஆ’ எங்கே என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வைத்தார்கள். அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லையென்றால், தமிழ் மடல் புரியாத குறியீடுகளாய்த் திரையில் கொட்டியது. திறந்த இணையம் எல்லாருக்கும் பயன்பட வேண்டுமானால் பொது ஒழுங்கு ஒன்று வேண்டும் என்பதை அப்போதுதான் பலரும் உணர்ந்தனர்.

இதைப் பேசித் தீர்க்க 1997 மே மாதம் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட்97’ மாநாடு கூடியது. அதை ஏற்பாடு செய்தவர்களில் முதன்மையானவர் கோவிந்தசாமி. ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன் உள்ளிட்ட கணினித் தமிழ் முன்னோடிகள் இந்த முயற்சிகளில் தோள் கொடுத்தனர். அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு நடந்தது. அங்கிருந்து ‘தமிழ்நெட்99’ விசைப்பலகை பிறந்தது. ‘க்’ வரிசை எழுத்தையும் உயிரெழுத்தையும் தட்டினால் உயிர்மெய் தானே வரும். ‘கொ’ என்று எழுத, முதலில் கொம்பு, பிறகு ‘க’, அதன்பின் கால் என்று தட்டச்சுப் பொறியில் தேடிய தொல்லை தீர்ந்தது.

ஆனால், அந்த விளைச்சலை முழுமையாகக் காணக் கோவிந்தசாமிக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1999 மே மாதம் அவர் காலமானார். வயது 53. அவர் தொடங்கிய கூட்டு முயற்சி நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ‘உத்தமம்’ அமைப்பு உருவானது. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் தரும் யூனிகோடு பரவியது. தமிழக அரசு 2010இல் அதனை ஏற்றுக்கொண்டது. 2011இல் ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிக்கும் வழி பிறந்தது.

நம் கையில் உள்ளது

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. இன்று தமிழில் எழுதுவோரில் பலர் தமக்கென ஒரு பக்கம் வைத்திருப்பதில்லை. பெரிய நிறுவனங்களின் செயலிகளுக்குள்ளேயே எழுதுகிறார்கள். அது வாடகை வீடு போன்றது. இலவசப் பக்கங்களை அள்ளித் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது, அங்கே எழுதியவர்களின் உழைப்பும் அதனோடு போகும் நிலை வந்தது. பழைய எழுத்துருக்களில் ஏற்றிய தமிழ்ப் பக்கங்களும் மாற்றி வைக்கப்படாவிட்டால் இன்று படிக்க முடியாதவை.

தமிழுக்கு யாராவது இடம் தருவார்கள் என்று கோவிந்தசாமி காத்திருக்கவில்லை. நம் பள்ளிகளிலும் ஓர் ஆசிரியர், நாலு மாணவர்களைக் கூட்டிவைத்து, தாங்களே எழுதிய ஒரு தமிழ்ப் பக்கத்தைத் தங்கள் கையாலேயே அமைத்து இணையத்தில் ஏற்றட்டும். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. 1995இல் தட்டித் திறந்த கதவு இன்னும் மூடப்படவில்லை. உள்ளே நுழைய வேண்டியது நாம்தான்.