எந்த வில்லை, எவ்வளவு தூரம்?

செய்முறைக் கொப்பி திருத்துகிறேன். "வில்லையை வைத்தோம், ஒளி தெரிந்தது." பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

திரவத்தில் சிதறும் ஒளியில் ஒரு பகுதி நிறம் மாறுவதை சி.வி. இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் அறிவித்தது ஒரு சின்னக் கடிதத்தில். அதற்குள்ளும் தொலைகாட்டி வில்லையின் விட்டம் 18 செ.மீ., குவியத்தூரம் 230 செ.மீ. என்று இருக்கிறது. திரவத்தை வெற்றிடத்தில் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தது இருக்கிறது. நீல ஊதா வடிகட்டியோடு மஞ்சள்பச்சை வடிகட்டியையும் ஒளி வரும் வழியில் வைத்தால் ஒளித்தடம் மறையும். மஞ்சளைக் கண்ணுக்கு முன்னால் மாற்றினால் திரும்பத் தெரியும் என்பதும் இருக்கிறது. ஒளிமுதல் சூரியன். எங்கட பளையில் வெயிலுக்கா பஞ்சம்!

அதே ஆண்டில் ஜேர்மனியில் பிரிங்ஸ்ஹைமும் அமெரிக்காவில் வூட்டும் தங்கள் ஆய்வுகூடத்திலேயே செய்து பார்த்து உறுதிப்படுத்தினார்கள். கல்கத்தாவுக்கு வரவேண்டியிருக்கவில்லை.

கொப்பிகளை நாளைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். அளவுகளை எழுதிக்கொண்டு வரட்டும்.