கார்மைக்கேல் சுரங்க நீர் மேலாண்மை ஒப்புதல்

கார்மைக்கேல் சுரங்க நீர் மேலாண்மை ஒப்புதல் என்பது, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்தின் கட்டுமானத்தைத் தொடங்குவதற்கு முன்னர், அப்பகுதியின் நிலத்தடி நீரையும் அதனைச் சார்ந்து வாழும் ஊற்றுகளையும் காப்பதற்கான திட்டத்துக்கு அந்நாட்டு நடுவண் அரசும் மாநில அரசும் 2019ஆம் ஆண்டில் வழங்கிய சுற்றுச்சூழல் ஒப்புதலைக் குறிக்கும். இத்திட்டம் நிலத்தடி நீர் சார்ந்த சூழல் தொகுதிகளின் மேலாண்மைத் திட்டம் என அழைக்கப்பட்டது. சுரங்கத்தின் முதல் குழியைத் தோண்டுவதற்கு முன்னர் பெறப்பட வேண்டிய இறுதி ஒப்புதல்களில் இதுவே அதிக விவாதத்துக்கு உள்ளானது. டூங்மபுல்லா ஊற்றுகளுக்கு நீர் எந்தப் பாறை அடுக்கிலிருந்து வருகின்றது என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைக்கும் முன்னரே இவ்வொப்புதல் வழங்கப்பட்டமையே விவாதத்துக்கு முதன்மைக் காரணமாகும்.

சுரங்கமும் அமைவிடமும்

கார்மைக்கேல் சுரங்கம் குயின்ஸ்லாந்தின் நடுப்பகுதியில், கிளெர்மாண்ட் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், கலிலீ படுகையில் அமைந்துள்ளது. இந்தியாவின் அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அதானி குழுமம் இதனை 2010ஆம் ஆண்டில் முன்மொழிந்தது. ஆண்டுக்கு 6 கோடி டன் வரை நிலக்கரி எடுப்பது முதல் திட்டமாக இருந்தது. வங்கிக் கடன் கிடைக்காத நிலையில், 2018ஆம் ஆண்டு நவம்பரில், ஆண்டுக்கு 1 முதல் 1.5 கோடி டன் வரையில் தொடங்கும் சிறிய திட்டமாக அது குறைக்கப்பட்டது. குழுமத்தின் ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனம் 2020ஆம் ஆண்டு முதல் பிராவஸ் என்ற பெயரில் இயங்கி வருகின்றது.

சுரங்க நிலத்தின் ஊடாக கார்மைக்கேல் ஆறு ஓடுகின்றது. இது வறண்ட நிலப்பகுதி. மழை பொய்த்த மாதங்களில் ஆற்றின் ஒரு பகுதியில் நீர் இருப்பதற்கு நிலத்தடி நீரே காரணம். ஆற்றங்கரையில் வளரும் மெழுகுப் பனை போன்ற அரிய மரங்களும் அந்நீரையே நம்பியுள்ளன.

கட்டுமானத்தின் போது நீர்

சுரங்கம் என்றவுடன் நிலக்கரி நினைவுக்கு வந்தாலும், சுரங்கம் கட்டுபவரின் முதல் சிக்கல் பெரும்பாலும் நீரே ஆகும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே குழி தோண்டினால் சுற்றியுள்ள பாறைகளிலிருந்து நீர் குழிக்குள் வடியும். அதனை இடைவிடாது இறைத்தால்தான் வேலை நடக்கும். இறைக்க இறைக்கக் குழியைச் சுற்றி நீர்மட்டம் ஒரு கூம்பு வடிவில் தாழ்ந்து கொண்டே போகும். இந்தத் தாழ்வு ஒரு கிணற்றையோ ஊற்றையோ எட்டுவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். அவ்வாறே, இறைப்பதை நிறுத்திய பின்னரும் அது பல ஆண்டுகள் பரவிக் கொண்டிருக்கலாம். எனவே ஊற்று வற்றத் தொடங்கிய பின் பம்பை நிறுத்துவதால் உடனடிப் பயன் எதுவும் இல்லை. கட்டுமானத்துக்கு முன்னரே ஒப்புதல் கோரப்படுவதன் அடிப்படை நியாயம் இதுவே.

நிலத்தின் மேல் உள்ள நீருக்குத் தனி ஏற்பாடுகள் தேவை. புதிதாக வெட்டப்பட்ட மண்ணில் விழும் மழைநீரை வண்டல் குட்டைகளில் தேக்கித் தெளிய விட்ட பின்னரே வெளியேற்ற வேண்டும். ஆற்று வெள்ளம் குழிக்குள் புகாதிருக்கக் கரைகள் எழுப்பப்படும். நிலக்கரியைத் தொட்ட நீர் தூய நீருடன் கலக்காதவாறு பிரித்து வைக்கப்படும். புழுதி அடக்கவும், சாலை அமைக்கவும், தொழிலாளர் குடியிருப்புக்கும் நீர் வேண்டும். இவை பொறியியல் முறைகளால் பெரும்பாலும் தீர்க்கக் கூடியவை. கார்மைக்கேலில் கடினமாக இருந்தது நிலத்தடி நீரே.

டூங்மபுல்லா ஊற்றுகள்

சுரங்க எல்லையின் மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் டூங்மபுல்லா ஊற்றுத் தொகுதி உள்ளது. ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலத்தின் அடியில், ஏறத்தாழ 17 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் பெரும் ஆர்ட்டீசியப் படுகையுடன் தொடர்புடைய ஊற்றுகளுள் இவையும் அடங்கும். அழுத்தத்தால் தாமே மேலெழும் இந்நீர் சுற்றிலும் சதுப்பு நிலங்களை உருவாக்கியுள்ளது. வேறெங்கும் எளிதில் காண முடியாத செடிகள் அவற்றில் வளர்கின்றன. இப்படுகையின் இயற்கை ஊற்றுகளைச் சார்ந்த உயிரினத் தொகுதி, அருகி வரும் தொகுதியாக நடுவண் சட்டத்தின் கீழ் பட்டியலிடப்பட்டுள்ளது.

இந்நிலத்தின் தொல்குடியினரான வாங்கன், ஜகலிங்கு மக்களுக்கு இவ்வூற்றுகள் புனிதமானவை. வானவில் பாம்பு இவற்றை உருவாக்கியதாக அவர்கள் நம்புகின்றனர். சுரங்கம் குறித்து அம்மக்களிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டில் நிறுவனத்துடன் நில ஒப்பந்தம் ஒன்று வாக்கெடுப்பின் மூலம் ஏற்கப்பட்டது. ஆயினும் ஒரு பிரிவினர் அதனை நீதிமன்றத்தில் எதிர்த்துத் தோல்வியுற்றனர்.

நீர் எங்கிருந்து வருகின்றது?

கலிலீ படுகையின் நிலக்கரி பெர்மியன் காலப் பாறைகளில் உள்ளது. அதற்கு மேலே ரெவான் படிவு எனப்படும் தடித்த களிப்பாறை அடுக்கும், அதற்கும் மேலே கிளெமாட்டிஸ் மணற்பாறையும் உள்ளன. ரெவான் படிவு நீரை எளிதில் கடத்தாது. ஊற்றுகளுக்கு கிளெமாட்டிஸ் மணற்பாறையே நீர் தருகின்றது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. அது சரியானால், கீழே நிலக்கரி அடுக்கில் நீர் இறைத்தாலும் இடையிலுள்ள களிப்பாறை மேலுள்ள நீரைக் காக்கும்.

மாற்றுக் கருத்து கொண்ட நீரியல் அறிஞர்கள், நீரின் ஒரு பகுதியாவது களிப்பாறைக்குக் கீழுள்ள பெர்மியன் அடுக்குகளிலிருந்து, பாறைப் பிளவுகளின் வழியே வரக்கூடும் என வாதிட்டனர். அவ்வாறாயின் சுரங்கம் ஊற்றின் வேரிலேயே கை வைக்கின்றது. 2015ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்து நில நீதிமன்றத்தில் இரு தரப்பு வல்லுநர்களும் இது பற்றிச் சாட்சியம் அளித்தனர். ஊற்றுகள் தனிச் சிறப்பு வாய்ந்த சூழல் மதிப்பு கொண்டவை என்பதை நீதிமன்றம் ஏற்றுக் கொண்டது. எனினும் நிபந்தனைகளுடன் சுரங்கத்தை அனுமதிக்கலாம் என அவ்வாண்டு திசம்பரில் பரிந்துரைத்தது.

சட்டப் பின்னணி

ஆஸ்திரேலியாவில் சுரங்கங்களுக்கு மாநில அரசே உரிமம் வழங்குகின்றது. ஆயினும் 1999ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு மற்றும் உயிரினப் பன்மயக் காப்புச் சட்டத்தின்படி சில செயல்களுக்கு நடுவண் அமைச்சரின் ஒப்புதலும் தேவை. பெரிய நிலக்கரிச் சுரங்கங்களாலும் நிலக்கரிப்படுகை எரிவளித் திட்டங்களாலும் நீர்வளத்துக்கு ஏற்படக்கூடிய பாதிப்பு 2013ஆம் ஆண்டில் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. இப்பிரிவு பேச்சு வழக்கில் நீர் விசை என்று குறிப்பிடப்படுகின்றது.

கார்மைக்கேலுக்கு நடுவண் ஒப்புதல் முதலில் 2014ஆம் ஆண்டு சூலையில் கிடைத்தது. இரண்டு ஊர்வன இனங்கள் பற்றிய ஆவணங்களை அமைச்சர் முறைப்படி கருத்தில் கொள்ளாததால் 2015ஆம் ஆண்டு ஆகத்தில் அது நீக்கப்பட்டு, அக்டோபரில் 36 நிபந்தனைகளுடன் மீண்டும் வழங்கப்பட்டது. டூங்மபுல்லாவில் நீர்மட்டத் தாழ்வு 0.2 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும், தோண்டுவதற்கு முன் நீர் மேலாண்மைத் திட்டம் ஏற்கப்பட வேண்டும் என்பதும் நிபந்தனைகளுள் சில. ஒரு முழம் கூட இல்லாத இந்த அளவு, ஊற்றுகளைப் பொறுத்தவரை பெரியதே. மெல்லிய அழுத்தத்தில் எழும் நீர் சிறு தாழ்விலும் நின்று விடலாம்.

2017ஆம் ஆண்டில் மாநில அரசு, சுரங்கப் பணியின் போது வெளிவரும் நிலத்தடி நீரை எடுக்க 2077 வரை செல்லுபடியாகும் உரிமம் வழங்கியது. அதில் எடுக்கும் நீரின் அளவுக்கு உச்ச வரம்பு இல்லை. கண்காணிப்பும் அறிக்கை அளித்தலும் மட்டுமே கட்டுப்பாடுகளாக இருந்தன. இது வேளாண் குடும்பங்களிடையே கடும் அதிருப்தியைத் தோற்றுவித்தது.

2019ஆம் ஆண்டின் ஒப்புதல்கள்

நடுவண் அரசின் வேண்டுகோளின்படி நாட்டின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவும், புவியியல் அமைப்பான ஜியோசயன்ஸ் ஆஸ்திரேலியாவும் திட்டத்தை ஆராய்ந்தன. நிறுவனத்தின் கணினி மாதிரி பாதிப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடும் என்றும், ஒப்புதல் நிபந்தனைகள் நிறைவேறும் என உறுதி செய்ய அது போதாது என்றும் அவை 2019ஆம் ஆண்டு பெப்ரவரியில் கூறின. நிறுவனம் சில மாற்றங்களுக்கு உடன்பட்டது. மாதிரியைத் திருத்தி மீண்டும் இயக்குவது ஒப்புதலுக்குப் பிந்தைய பணியாக விடப்பட்டது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மெலிசா பிரைஸ் ஏப்ரல் 9 அன்று திட்டத்தை ஏற்றார். இரண்டு நாட்களில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டது.

மே 18 அன்று நடந்த அத்தேர்தலில் குயின்ஸ்லாந்தின் சுரங்கப் பகுதிகளில் தொழிற்கட்சி பலத்த இழப்பைச் சந்தித்தது. மாநிலத்தை ஆண்ட அக்கட்சியின் முதலமைச்சர் அனஸ்டாசியா பலாசே, காலதாமதத்தில் தாம் பொறுமை இழந்து விட்டதாகக் கூற, நிலுவையில் இருந்த இரு திட்டங்களுக்கும் முடிவுத் தேதிகள் குறிக்கப்பட்டன. கருந்தொண்டைச் சில்லைப் பறவைக்கான திட்டம் மே 31 அன்றும், நீர்த் திட்டம் சூன் 13 அன்றும் ஏற்கப்பட்டன. நாட்காட்டி குறித்துக் கொடுத்த நாளில் அறிவியல் கேள்வி தீர்ந்து விடவில்லை. நீர் மூலம் பற்றிய ஐயம் எஞ்சியிருப்பதை ஏற்றுக் கொண்ட மாநிலத் துறை, ஊற்று நீரின் வேதியியல் மற்றும் ஐசோடோப்பு ஆய்வுகளையும், புதிய துளைக் கிணறுகளையும் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்குள் அதனைத் தெளிவுபடுத்த வேண்டும் என நிறுவனத்திடம் உறுதி பெற்றது. அந்த மாதமே கட்டுமானம் தொடங்கியது.

இவ்வகை ஏற்பாடு தகவமை மேலாண்மை எனப்படுகின்றது. கண்காணித்துக் கொண்டே செயல்பட்டு, பாதிப்பு தென்படும் போது முறையை மாற்றுவதே இதன் கருத்து. விரைவாக விடை தரும் சூழல்களில் இது பயனுள்ளது. மேலே கண்டவாறு நிலத்தடி நீர் தாமதமாகவே விடை தரும் என்பதால், இங்கு இம்முறை பொருந்தாது என விமர்சகர்கள் கூறினர்.

ஆற்று நீர்க் குழாய் வழக்குகள்

சட்டர் ஆற்றின் வெள்ளக் காலத்தில் ஆண்டுக்கு 1250 கோடி லிட்டர் வரை எடுத்து, குழாய் வழியே சுரங்கத்துக்குக் கொண்டு வரும் திட்டமும் இருந்தது. இதற்கு நீர் விசை பொருந்தாது என நடுவண் அரசு முடிவு செய்தது. ஆஸ்திரேலியப் பாதுகாப்பு அறக்கட்டளை தொடர்ந்த முதல் வழக்கில், பொதுமக்களின் கருத்துகளை முறையாகக் கருத்தில் கொள்ளவில்லை என்பதை 2019 சூனில் அரசே ஒப்புக் கொண்டது. இரண்டாம் வழக்கில், 2021 மே 25 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் அரசின் முடிவு சட்டப்படி தவறானது எனத் தீர்ப்பளித்தது. ஆனால் இத்தீர்ப்பு சுரங்கக் கட்டுமானத்தை நிறுத்தவில்லை.

பின்னர்

முதல் நிலக்கரி ஏற்றுமதி 2021ஆம் ஆண்டு திசம்பர் இறுதியில் நடைபெற்றது. திறந்தவெளிக் குழிகள் மட்டுமே தோண்டப்பட்டிருந்த நிலையில், 2023ஆம் ஆண்டில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை நிறுவனத்தின் நிலத்தடி நீர் மாதிரியில் குறை கண்டு, ஊற்றுகளுக்கு அருகே அமையவிருந்த நிலத்தடிச் சுரங்கப் பணியைத் தொடங்குவதற்குத் தடை விதித்து ஆணை பிறப்பித்தது. நிறுவனம் அவ்வாணையை எதிர்த்து நீதிமன்றத்தை அணுகியது.