கேர்க்கோடியின் பனித்தளம்

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே எண்ணுவர். எந்த ஆண்டில் எவர் கிண்ணம் பெற்றனர் என்பதே ஏடுகளில் இடம்பெறும். ஆயின், ஒரு கழகம் எத்தனை முறை வென்றது என்பதிலும், எத்தனை முறை அழிவினின்று பிழைத்தது என்பதே சில வேளைகளிற் பெரிய வரலாறாகின்றது. ஸ்கொட்லாந்தின் ஃபைஃப் ஃபிளையர்ஸ் என்னும் பனி ஹொக்கிக் கழகத்தின் கதை அத்தகையது.

பனி ஹொக்கி, புற்றரையில் ஆடும் ஹொக்கியினும் வேறானது. உறைந்த நீர்ப்பரப்பின் மீது, காலிற் சறுக்குக் கத்திகளை அணிந்தவண்ணம் பக்கத்துக்கு அறுவர் ஆடுவர். பந்துக்குப் பதிலாகக் கடினமான இறப்பர் வட்டொன்று உண்டு. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். கனடா நாட்டில் வளர்ந்த இவ்விளையாட்டுக்குக் குளிர்நாடாயினும் செயற்கையாக உறையவைத்த அரங்கு இன்றியமையாதது. அத்தகைய அரங்கைக் கட்டுவதற்கும் பேணுவதற்கும் பெரும் பொருள் வேண்டும். இக்கதை முழுவதற்கும் திறவுகோல் இதுவே.

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபோர்த் முகத்துவாரத்தின் வடபுறத்தே கேர்க்கோடி என்னும் நகரம் அமைந்துள்ளது. பொருளியல் அறிஞர் அடம் சிமித் 1723ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் அது. பின்னர், தரையில் விரிக்கும் லினோலியம் செய்யும் ஆலைகளாற் பெயர்பெற்றது. தொழிலாளர் நிறைந்த அந்நகரில் 1938ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு பனி அரங்கு திறக்கப்பட்டது. அதனுடன் ஃபைஃப் ஃபிளையர்ஸ் கழகமும் பிறந்தது.

கழகங்கள் பருவம் முழுவதும் ஒன்றையொன்று எதிர்த்தாடிப் புள்ளி சேர்க்கும் போட்டிமுறையே லீக் எனப்படும். ஸ்கொட்லாந்துத் தேசிய லீக் 1929ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. புதிய கழகம் அதிற் சேர்ந்தது. ஆயின், ஈராண்டு நிறையுமுன் உலகப் போர் குறுக்கிட்டது. 1940 முதல் 1946 வரை லீக் நடைபெறவில்லை. போர் ஓய்ந்தபின் மக்கள் அரங்குகளில் நிறைந்தனர். கழகங்கள் கனடாவிலிருந்து ஆட்டக்காரரைச் சம்பளத்துக்கு வரவழைத்தன.

அச்செழிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. செலவு வளர்ந்தது, கூட்டம் குறைந்தது. 1954ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்து லீக்கும் இங்கிலாந்து லீக்கும் ஒன்றிணைந்து பிரித்தானிய தேசிய லீக் உருவாகியது. மறு ஆண்டே ஸ்கொட்லாந்துக் கழகங்களிற் பெரும்பாலானவை விலகிவிட்டன. 1960ஆம் ஆண்டில் அந்த லீக்கும் மறைந்தது. கூலிக்கு வந்த ஆட்டக்காரர் ஊர் திரும்பினர். எஞ்சியிருந்தவை அரங்குகளும், அவற்றிற் சறுக்கப் பழகிய உள்ளூர் இளைஞருமே.

அவ்விளைஞரைக் கொண்டே விளையாட்டு மீண்டும் தழைத்தது. 1966ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்துக் கழகங்களும் வட இங்கிலாந்துக் கழகங்களும் கூடி வடக்கு லீக்கைத் தொடங்கின. ஃபைஃப் அதில் ஓர் உறுப்பினர். பகலில் வேறு தொழில் செய்து மாலையிற் பயிற்சி பெற்றோரே ஆட்டக்காரராயினர். 1976–77, 1977–78 ஆகிய இரு பருவங்களிலும் அந்த லீக்கின் முதலிடம் ஃபைஃபுக்குக் கிட்டியது.

1982ஆம் ஆண்டிற் பிரித்தானிய ஹொக்கி லீக் அமைந்தபோது, ஓர் அணி மூன்று வெளிநாட்டாரையே சேர்க்கலாம் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. உள்ளூர் இளைஞரைப் பயிற்றிய கழகங்களுக்கு இது வாய்ப்பாயிற்று. 1985ஆம் ஆண்டு லீக்கில் டேர்ஹாம் வாஸ்ப்ஸ் அணியே முதலிடம் பெற்றது. ஆயினும், பருவத்தின் முடிவில் இலண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த பிரித்தானிய இறுதிப்போட்டியில், எடின்பரோ நகரின் மரேஃபீல்ட் ரேசர்ஸ் அணியை ஃபைஃப் 9–4 எனத் தோற்கடித்தது. லினோலியம் நகரத்துக்கு அதனினும் பெரிய நாள் வாய்த்ததில்லை எனலாம்.

1996ஆம் ஆண்டிற் புதிய வேட்கையொன்று எழுந்தது. பெரிய அரங்குகளையும் வெளிநாட்டு ஆட்டக்காரரையும் நம்பிச் சூப்பர் லீக் தொடங்கப்பட்டது. ஃபைஃப் அதிற் சேரவில்லை. ஸ்கொட்லாந்தின் சார்பில் அயர் நகரின் ஸ்கொட்டிஷ் ஈகிள்ஸ் அணி சேர்ந்தது. 1997–98 பருவத்தில் அது நான்கு பெரும் கிண்ணங்களையும் வென்றது. வெளியிலிருந்து நோக்கியோர் ஃபைஃபைச் சிறுமையாகவும் அயரைப் பெருமையாகவும் எண்ணியிருப்பர். ஆயின் 2002ஆம் ஆண்டில் அவ்வணி ஊர்விட்டு கிளாஸ்கோ அருகே சென்று, அப்பருவத்தின் நடுவிலேயே கலைந்தது. மறு ஆண்டு சூப்பர் லீக்கும் கலைந்தது.

அதே காலத்திற் சிறிய போட்டியான புதிய பிரித்தானிய தேசிய லீக்கில் ஃபைஃப் 1999–2000, 2003–04 பருவங்களில் முதலிடம் பெற்றது. 2005ஆம் ஆண்டில் அந்த லீக்கும் மறைந்தது. கழகம் தளர்ந்து மடியவில்லை. உள்நாட்டுச் சிறு போட்டிகளுக்கு இறங்கி, ஆறு ஆண்டுகள் பொறுத்திருந்தது. நியூகாசில் நகரத்து அணி கலைந்து வெற்றிடம் ஏற்பட்டபோது, 2011ஆம் ஆண்டில் எலைட் லீக் என்னும் மேல்நிலைப் போட்டியுட் புகுந்தது. 2017–18 பருவத்தில் அதன் கார்டினர் பிரிவின் முதலிடத்தையும் பெற்றது.

இன்று பிரித்தானியத் தொழில்முறைப் பனி ஹொக்கிக் கழகங்களுள் மிகப் பழையது ஃபைஃப் ஃபிளையர்ஸ் என்பர். அதனிலும் செல்வம் மிக்க கழகங்கள் இருந்தன; அதனிலும் அதிகம் வென்ற கழகங்களும் இருந்தன. அவற்றுட் பல பெயரளவில் எஞ்சின. லீக் என்பது கழகங்கள் தம்முட் செய்துகொள்ளும் உடன்படிக்கை; அது ஒரு கூட்டத்திற் பிறந்து மற்றொரு கூட்டத்தில் மடியும். ஊரின் நடுவே ஓர் அரங்கும், அங்கே சறுக்கப் பழகும் சிறுவரும், தோற்ற நாளிலும் வந்து அமரும் மக்களும் அவ்வாறு மடிவதில்லை. முதலிடத்தில் நிற்பதிலும், இறங்கிய இடத்தில் நின்று பிடிப்பதே அரிது என்பதை இக்கழகத்தின் வரலாறு காட்டுகின்றது.