மீன்பிடிக் கப்பலில் ஏறிய பாய்கள்: போலந்துச் சாரணர்களின் ‘ஸவீஷா ச்சார்னி’

பழைய கப்பல்களைப் பாய்மரப் பயிற்சிக் கப்பல்களாக மாற்றும் வழக்கத்துக்கு மரபின் மீதுள்ள பற்றே காரணம் என்று பொதுவாக எழுதுகிறார்கள். போலந்தின் வரலாற்றைப் பார்த்தால் பற்றைவிடப் பணமின்மையே முன்னால் நிற்கிறது. 1920இல் பால்டிக் கரையில் கால் பதித்த அந்த இளம் குடியரசிடம் கடற்கரை இருந்தது; பயிற்சி பெற்ற மாலுமிகள் போதவில்லை. 1869இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் ‘சின்சுரா’ என்ற பெயரில் கட்டப்பட்ட பழைய சரக்குக் கப்பலை வாங்கி, ‘ல்வூஃப்’ எனப் பெயர் மாற்றிக் கடற்பள்ளி மாணவர்களை அதில் ஏற்றினார்கள். வங்காளத்து ஹூக்ளிக் கரை ஊரொன்றின் பெயரோடு பிறந்த அந்தக் கப்பலே 1923இல் நிலநடுக்கோட்டைக் கடந்த முதல் போலந்துக் கப்பலும் ஆயிற்று.

ல்வூஃப் வணிகக் கப்பல் அதிகாரிகளை உருவாக்கியது. மாலுமித் தொழிலுக்கு வராத இளைஞரையும் கடலுக்கு அழைத்துச் சென்றவர்களில் முதன்மையானவர் ஜெனரல் மாரியுஷ் ஸருஸ்கி. இவர் 1909இல் தாத்ரா மலை மீட்புக் குழுவைத் தொடங்கியவர். மலையும் கடலும் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று நம்பியவர். போலந்துச் சாரணர் சங்கம் 1934இல் ‘பெட்ரியா’ என்ற ஸ்வீடன் நாட்டு மரச் சரக்குக் கப்பலை வாங்கி, இடைக்கால வீரன் ஒருவனின் பெயரால் ‘ஸவீஷா ச்சார்னி’ என்று அழைத்தது. ஸருஸ்கி அந்தக் கப்பலின் தலைவரானார். போரில் கப்பல் ஜெர்மானியர் கைக்குப் போனது. 1941இல் ஸருஸ்கி சோவியத் சிறையில் இறந்தார். போருக்குப் பின் திரும்பி வந்த மர உடல் பழுதுபார்க்கும் நிலையில் இல்லை.

இரண்டாம் ‘ஸவீஷா ச்சார்னி’யின் கதைதான் தொழில்நுட்ப வகையில் முக்கியமானது. 1952இல் க்தான்ஸ்கில் எஃகால் கட்டப்பட்ட ‘செத்ஷெஃப்’ என்ற மீன்பிடிக் கப்பலை மூன்று பாய்மரங்கள் நாட்டி மாற்றி, 1961இல் சாரணர்கள் கடலில் இறக்கினார்கள். ஆனால் மீன்பிடிக் கப்பல் சுமையோடு மிதக்கவே வடிவமைக்கப்படுகிறது. மீன் அறையைப் படுக்கையறையாக்கினால் அடியில் இருந்த எடை போய்விடும். பாய்மரங்கள் எடையை மேலே ஏற்றும். பாயில் விழும் காற்று பக்கவாட்டில் சாய்க்கும். அந்தக் குறையை அடிப்பாரம் போட்டு ஈடுகட்ட வேண்டும். சரக்கு இறக்குவதற்காக மேல்தளத்தில் விட்ட அகலமான வாய்கள் சாய்ந்த கப்பலுக்குள் தண்ணீர் புகும் வழியாகிவிடும். ஸவீஷாவையும் ஒரே மூச்சில் முடித்துவிட முடியவில்லை. 1967இல் உடலை நீட்டி மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது. என் பார்வையில், 1961ஐவிட 1967தான் அந்தக் கப்பலின் உண்மையான பிறந்த ஆண்டு.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை 1984 ஜூன் காட்டியது. 1917இல் ஸ்பெயினில் சரக்குக்காகக் கட்டப்பட்டு, பின்னர் பாயமைப்பு மாற்றப்பட்ட ‘மார்க்கேஸ்’, பெர்முடாவிலிருந்து ஹாலிஃபாக்ஸுக்கு நடந்த பாய்மரப் போட்டியில் திடீர்ச் சூறையில் சாய்ந்து ஒரு நிமிடத்துக்குள் மூழ்கியது. கப்பலில் இருந்த 28 பேரில் 19 பேர் இறந்தனர். உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலோரைக் கடலிலிருந்து தூக்கியது, அதே போட்டியில் ஓடிய ஸவீஷா ச்சார்னி. இரண்டுமே மாற்றப்பட்ட தொழிற்கப்பல்கள் என்பதைப் பல கட்டுரைகள் கவனிக்கத் தவறுகின்றன. வயது மட்டும் காரணமென்றால் மாற்றும் வழக்கமே நின்றிருக்க வேண்டும். விசாரணையில் பெரிதாக எழுந்தவை நிலைத்தன்மையும் பாதுகாப்புச் சான்றிதழும் பற்றிய கேள்விகள்தான்.

இந்த விபத்துக்கு முன்பே, 1980இல், போலந்து ‘பொகோரியா’வைப் பயிற்சிக்கென்றே புதிதாகக் கட்டிவிட்டது. அதை வரைந்த ஸிக்முந்த் ஹோரென்தான், 1906இல் பிரேமனில் கட்டப்பட்ட விளக்குக் கப்பல் ஒன்றை ‘அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்’ என்ற பயிற்சிக் கப்பலாக மாற்றும் பணிக்கும் வடிவம் தந்தார். அந்தக் கப்பல் 1988 முதல் பச்சைப் பாய்களோடு இளைஞர்களை ஏற்றிச் சென்றது; 2011இல் அதன் இடத்துக்குப் புதிதாகக் கட்டப்பட்ட கப்பல் வந்தது.