மலையகப் பாடலும் இலக்கியக் கருவும்

இலக்கியம் படைக்க விழைவோர் முதற்கண் எதிர்கொள்ளும் வினா, ‘எதனைப் பாடுவது?’ என்பதாம். தொல்காப்பியர் இதற்கு முதல், கரு, உரி என மூன்று பொருள்களை வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் நெஞ்சின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் உரிப்பொருளே உயிராவது. இவ்வுண்மையை மலையக இலக்கிய வரலாறு நன்கு விளக்குகின்றது.

மலையகத்தின் பழைய வாயில் மாத்தளையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தமிழகத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். எஞ்சியோர் கொணர்ந்த செல்வம் தெய்வ வழிபாடும் ஊர்ப்பாடல்களுமே. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் புதுமண்ணில் வேரூன்றின. கங்காணி, லயம், பெரட்டு முதலிய சொற்கள் அவற்றுட் புகுந்தன.

1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளியாயிற்று. தோட்டமும் தொழிலும் அந்நூலில் நிறைந்துள்ளன. உருவமும் பொதுமக்களுக்குரிய கும்மியே. ஆயினும் நோக்கு துரைமாருடையது. பாடுபட்டோரின் துயரம் அதன் உரிப்பொருள் ஆகவில்லை. அதே ஆண்டில் இலங்கைக் கோப்பியில் இலைநோய் காணப்பட்டது. நாளடைவில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. தொழிலாளர் பாடல்களோ அழிந்தில. பயிர் மாறினும், பிரிவும் ஏக்கமும் மாறாமையே அதற்குக் காரணமாம்.

அப்பாடல்களின் அருமையை உணர்ந்தோருள் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். 1914ஆம் ஆண்டில் வட்டகொடையை அடுத்த மடகும்புரைத் தோட்டத்திற் பிறந்த அவர், 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். தொழிலாளர் வாய்மொழியாகப் பாடியவற்றைக் கேட்டார், தொகுத்தார், தாம் ஆங்கிலத்தில் யாத்த கவிதைக்கும் அவர்தம் வாழ்வையே பொருளாக்கினார். கேட்டல், தொகுத்தல், படைத்தல் என்னும் இம்முறையே கரு வளரும் முறையாகும். பின்னர் மாத்தளை வடிவேலன், மலரன்பன், மாத்தளை சோமு முதலியோர் தோட்ட வாழ்வைச் சிறுகதையாக்கினர்.

மாத்தளைக்கு அணித்தாயுள்ள அலுவிகாரையில், கி. மு. முதலாம் நூற்றாண்டில், அதுகாறும் வாய்மொழியாக வழங்கிய பௌத்த மறை ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. ஓதுவோர் அருகினால் மறையும் அருகும் என்னும் அச்சமே அதற்குக் காரணமாயிற்று. பாடலுக்கும் இஃது ஒக்கும். லயத்து முதியோர் ஒருவர் மறையுந்தோறும் அவரறிந்த பாடல்களும் உடன் மறைகின்றன. ஆதலின், கரு தேடி அயல்நாட்டு நூல்களை நாடும் மாணாக்கர், முதலில் தம் பாட்டியார் பாடுவதற்குச் செவிகொடுத்தல் வேண்டும். எழுதுகோலை எடுப்பது அதன் பின்னரே ஆகுக.