மணவுரிமையை வரையறுப்பவர் யார்? தருமபுரி தரும் சான்று

ஒருபாலினத்தவர் திருமணத்தைச் சட்டம் ஏற்கவேண்டுமென்று தொடுக்கப்பட்ட வழக்கில், அது நாடாளுமன்றத்தின் பணி என்று 2023 அக்டோபர் 17ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு கூறிவிட்டது. மணவுரிமையை வரையறுப்பது நீதிமன்றமா, சட்டமன்றமா, வாக்காளரா என்னும் வினா தமிழகத்திற்குப் புதியதன்று.

புரோகிதரும் சடங்குகளும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்லாண்டு இல்லறம் நடத்தியோரும் சட்டத்தின்முன் மணமாகாதவராயினர். இக்குறையை நீக்கியது சட்டமன்றமே. 1967இல் அண்ணாதுரை அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினும், மோதிரம் அணிவிப்பினும், தாலி கட்டினும் மணம் நிறைவுறும் என்றாயிற்று. முன்னர் நடந்தவையும் செல்லுபடியாயின. இதை மட்டும் நோக்கின், உச்சநீதிமன்றம் தக்க இடத்தையே சுட்டியது எனலாம்.

ஆயின் தருமபுரி மாவட்டத்தில் நிகழ்ந்ததையும் நாம் நோக்கவேண்டும். 2012இல் அங்கே வன்னியப் பெண்ணொருவரும் தலித் இளைஞரொருவரும் மணந்துகொண்டனர். கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை; அரசு அதற்கு உதவித்தொகையும் வழங்கிவந்தது. ஊரார் ஏற்கவில்லை. பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அதைத் தொடர்ந்து நவம்பர் 7ஆம் நாள் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. 2013 ஜூலையில் அவ்விளைஞர் தருமபுரியில் இருப்புப்பாதை அருகே பிணமாகக் காணப்பட்டார்.

அன்று அவ்வூர்களில் வாக்குப்பெட்டி வைத்து இம்மணம் செல்லுமா என்று கேட்டிருந்தால் விடை என்னவாயிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. இருவரது மணத்தைப் பிறர் எண்ணிக்கையால் தீர்ப்பது நீதியாகாது என்றே நாம் கருதுகிறோம். வயதுவந்த இருவர் மனமொப்பிச் செய்யும் மணத்தில் சாதிப் பஞ்சாயத்து தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 1953இல் கைவிட்டதும் நீதிமன்றமே என்பதை மறப்பதற்கில்லை.

வாக்காளர் எப்போதும் மறுப்பவர் என்றும் சொல்லவியலாது. அயர்லாந்தில் 2015இல் நடந்த வாக்கெடுப்பில் 62 விழுக்காட்டினர் ஒருபாலினத்தவர் மணத்தை ஏற்றனர். தைவானிலோ, 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதற்கு வழிசெய்ய இரண்டாண்டுத் தவணை தந்தது; 2018இல் வாக்காளர் எதிர்த்தனர்; 2019இல் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றியது.

போதகர்கள் மணம் நடத்திவைக்கும் அதிகாரத்தை வரையறுப்பது 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். அதை இயற்றிய கவர்னர் ஜெனரலின் மன்றத்தில் வாக்காளரால் தெரிந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. சிறுபான்மையினரான நம் முன்னோரின் மணமுறை செல்லுமா என்று அன்று எந்த ஊராரிடமும் கேட்கப்படவில்லை.